ஸ்போர்ட்ஸ் கார் தினசரி வண்டியாகுமா? வாசகர் கேள்வி – பதில்

ரியர் வீல் டிரைவ் (எஞ்சின் பின் சக்கரங்களை மட்டும் சுழற்றுகிற) ஸ்போர்ட்ஸ் காரை தினமும் ஓட்டுகிறவர்களும், அப்படி ஒன்றை வாங்கலாமா என்று யோசிக்கிறவர்களும் அனுப்பிய கேள்விகள் சேர்ந்துவிட்டன. இந்த இதழில் அவற்றை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

கேள்வி: என்னால் ஒரே ஒரு கார்தான் வைத்துக்கொள்ள முடியும். அது ரியர் வீல் டிரைவ் ஸ்போர்ட்ஸ் காராக இருக்க வேண்டும் என்று ரொம்ப நாள் ஆசை. "மழையில் சுத்திவிட்டுடும், வேண்டாம்" என்று தெரிந்தவர்கள் எல்லோரும் பயமுறுத்துகிறார்கள். நிஜமாகவே அவ்வளவு ஆபத்தா சார்?

பதில்: வாங்குங்கள். ஆனால் அவர்கள் சொல்வதில் எது உண்மை, எது பழைய காலத்துப் பயம் என்று பிரித்துப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

ஒரு டயர் ரோட்டைப் பிடித்துக்கொள்ளும் சக்திக்கு ஓர் எல்லை உண்டு. அதை மாதச் சம்பளம் மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள். திரும்புவது, பிரேக் பிடிப்பது, வண்டியை நகர்த்துவது எல்லாச் செலவும் அந்த ஒரே சம்பளத்திலிருந்துதான். ஃபிரன்ட் வீல் டிரைவ் காரில் திருப்புகிற செலவும் இழுக்கிற செலவும் முன் டயர்கள் தலையில் விழுகின்றன. அளவு மீறினால் வண்டி திரும்பாமல் நேராகப் போகப் பார்க்கும், பயந்துபோய் ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்தாலே பெரும்பாலும் சரியாகிவிடும். ரியர் வீல் டிரைவில் முன் டயர்களுக்கு வண்டியைத் தள்ளும் வேலை கிடையாது. ஸ்டியரிங் அவ்வளவு சுத்தமாக, எஞ்சினின் இழுப்பு எதுவும் கலக்காமல் இருப்பது அதனால்தான், நீங்கள் ஆசைப்படுவதும் அதற்காகத்தான். தள்ளுகிற வேலை முழுக்க பின் டயர்களுடையது. ஈர ரோட்டில் வண்டி பாதி திரும்பியிருக்கும்போது ஆக்ஸிலேட்டரை அழுத்தினால் பின் டயர்களின் பிடிப்பு தீர்ந்துபோய், வண்டியின் பின்பக்கம் வெளியே போகும். மழையில் சுற்றிவிடும் என்பதன் காரணம் மொத்தமும் இவ்வளவுதான், அதில் உங்கள் வலது காலின் பங்கு எவ்வளவு என்று பாருங்கள்.

பயமுறுத்துகிறவர்கள் கணக்கில் எடுக்காமல் விடுவது ஸ்டெபிலிட்டி கன்ட்ரோலை. 1995-ல் பாஷ் நிறுவனமும் மெர்சிடிஸ் பென்ஸும் சேர்ந்து எஸ் கிளாஸில் கொண்டுவந்த விஷயம் அது. வண்டி சுழலப் போகிறது என்று தெரிந்ததும் தேவையான சக்கரத்தில் மட்டும் தானே பிரேக் போட்டு, எஞ்சின் சக்தியையும் குறைத்துவிடும். அமெரிக்காவில் 2012 மாடல் வருடத்திலிருந்து, ஐரோப்பாவில் 2014 நவம்பரிலிருந்து எல்லாப் புதுக் கார்களிலும் கட்டாயம். அது இல்லாத பழைய சக்திவாய்ந்த காரை மழையில் ஓட்டிப் பயந்தவர் சொல்கிற பயம் நியாயமானது, ஆனால் அதை அப்படியே இன்றைய காருக்கும் போடக் கூடாது. அதே சமயம், தேய்ந்த டயருக்கு ரோட்டில் இல்லாத பிடிப்பை எந்த எலெக்ட்ரானிக்ஸாலும் உண்டாக்கித் தர முடியாது.

மழையில் செய்ய வேண்டியது பெரிய வித்தை எதுவும் இல்லை. திருப்பத்துக்கு முன்பே வேகத்தைக் குறைத்துவிடுங்கள், உள்ளே சீராகப் போங்கள், ஸ்டியரிங் நேராகத் திரும்ப வர வர ஆக்ஸிலேட்டரைக் கூட்டுங்கள். சிக்னலில் இருந்து பக்கத்து ரோட்டுக்குள் திரும்புகிற அந்த இடம்தான் நிறையப் பேர் மாட்டிக்கொள்கிற இடம்: முதல் கியர், வளைந்த ஸ்டியரிங், காலடியில் வெள்ளைக் கோடு, அவசரம். பெயின்ட் கோடுகள், இரும்பு மூடிகள், பாலங்களின் உலோக இணைப்புகள் மேல் போகும்போது காலை அசைக்காமல் வையுங்கள். ரொம்ப நாள் வெயிலுக்குப் பிறகு பெய்கிற முதல் மழையில், படிந்திருந்த எண்ணெயும் தூசியும் மேலே மிதந்து வரும், அந்த முதல் அரை மணி நேரம்தான் ரொம்ப வழுக்கும். மேனுவல் கியர் என்றால் இன்னொன்றும் உண்டு. கியரைக் குறைத்துவிட்டு கிளட்சைப் படாரென்று விட்டால் எஞ்சின் பின் சக்கரங்களை மட்டும் பிடித்து நிறுத்தப் பார்க்கும்; ஈர ரோட்டில் அது ஹேண்ட் பிரேக் இழுத்ததற்குச் சமம். எஞ்சின் சுற்றைக் கொஞ்சம் ஏற்றிப் பொருத்திவிட்டு கிளட்சை விடப் பழகுங்கள்.

கேள்வி: எல்லாம் சரி, இதையெல்லாம் மீறி பின்பக்கம் வழுக்கிவிட்டால் அந்த நேரத்தில் என்ன செய்வது?

பதில்: கண் எங்கே போகிறதோ கையும் அங்கேதான் போகும், அதனால் மோதப் போகிற மரத்தைப் பார்க்காமல், போக வேண்டிய வழியைப் பாருங்கள். ஆக்ஸிலேட்டரை வெடுக்கென்று எடுக்காமல் தளர்த்துங்கள். பின்பக்கம் எந்தப் பக்கம் போகிறதோ அந்தப் பக்கமே ஸ்டியரிங்கைத் திருப்புங்கள். இதுவரை பலருக்கும் தெரியும். அடுத்ததில்தான் கோட்டை விடுகிறார்கள்: டயர் மறுபடி பிடித்துக்கொள்ளும்போது ஸ்டியரிங்கை அதே வேகத்தில் நேராக்க வேண்டும், தாமதித்தால் வண்டி எதிர்ப்பக்கம் இன்னும் வேகமாக வெட்டும். முதல் வழுக்கலைச் சமாளித்துவிட்டு இரண்டாவதில் கவிழ்ந்த வண்டிகள் நிறைய. சமாளிக்க முடியாத அளவுக்குச் சுற்றிவிட்டது என்றால் கிளட்ச், பிரேக் இரண்டையும் முழுசாக அழுத்தி, முடிந்தவரை சீக்கிரம் வண்டியை நிறுத்துவதுதான் மிச்சமிருக்கிற வழி.

போர்ஷே 911 மாதிரி பின்னால் எஞ்சின் உள்ள காரோ, டொயோட்டா எம்ஆர்2 மாதிரி நடுவில் எஞ்சின் உள்ள காரோ வைத்திருப்பவர்கள் ஒன்றை மறக்கவே கூடாது. வளைவின் நடுவில் பயந்து திடீரென்று காலை எடுத்தால் எடை முன்பக்கம் சாய்ந்து, பின் டயர்கள் லேசாகி, கனமான பின்பக்கம் வெளியே வீசும். புது 911-களில் அகலமான பின் டயரும் எலெக்ட்ரானிக்ஸும் இதை ரொம்பவே அடக்கி வைத்திருக்கின்றன, பழைய வண்டிகளில் அந்த உதவி கிடையாது.

ஆனால் இதெல்லாம் படித்து வருகிற விஷயம் இல்லை. தண்ணீர் விட்டு வழுக்க வைத்த திடலில் பயிற்சி தருகிற டிரைவிங் பள்ளி ஒன்றைத் தேடி, ஒரு நாள் போய்விட்டு வாருங்கள். புது எக்ஸாஸ்ட்டுக்கும் அகல வீலுக்கும் எடுத்து வைத்திருக்கிற பணத்தை முதலில் இதில் போடுங்கள் என்று நான் கெஞ்சியே கேட்பேன்.

கேள்வி: ஸ்டெபிலிட்டி கன்ட்ரோலை அணைத்துவிட்டு ஓட்டினால்தான் இந்தக் காரின் அருமை தெரியும் என்கிறார்களே?

பதில்: பொது ரோட்டில் அணைக்காதீர்கள். மணலிலோ சேற்றிலோ சக்கரம் புதைந்து வண்டி நகரவே மறுக்கும்போது சக்கரம் வீணாகச் சுற்றாமல் தடுக்கிற டிராக்‌ஷன் கன்ட்ரோலைக் கொஞ்ச நேரம் நிறுத்தினால் வெளியே வர உதவும். வந்ததும் மறுபடி போட்டுவிடுங்கள். முழுசாக அணைத்து ஓட்டிப் பார்க்க ஆசை என்றால் அதற்கு ரேஸ் டிராக் இருக்கிறது.

கேள்வி: பின் டயர்கள் இரண்டும் ரொம்ப சீக்கிரம் தேய்ந்துவிட்டன. முன் டயர்கள் இன்னும் நன்றாக இருக்கின்றன. செலவைக் குறைக்க, பின்னால் மட்டும் சாதாரண டயர் போட்டுக்கொள்ளலாமா?

பதில்: கூடாது. இந்தக் கேள்வியைத்தான் நான் ரொம்ப முக்கியமாக நினைக்கிறேன், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

முன்னால் நல்ல பிடிப்பு, பின்னால் குறைந்த பிடிப்பு என்று நீங்களே அமைத்துக் கொடுத்தால், மழையில் சுற்றுவதற்கு என்றே ஒரு வண்டியைத் தயார் செய்கிறீர்கள். நான்கும் ஒரே கம்பெனி, ஒரே ரகமாக இருக்க வேண்டும். ஒரே நேரத்தில் நான்கும் வாங்க முடியாவிட்டால் நல்ல ஜோடி பின்னால் இருக்க வேண்டும். பின் டயர்கள் வண்டியைத் தள்ளியும் ஆக வேண்டும், வளைவில் பிடித்தும் ஆக வேண்டும், அதனால் முதலில் தேய்வது அவைதான், அது பழுது இல்லை.

வாங்குவதற்கு முன்பே பார்க்க வேண்டிய விஷயம் டயர் அளவு. மாஸ்டா எம்எக்ஸ்-5, டொயோட்டா ஜிஆர்86 போன்றவற்றில் நான்கு சக்கரத்துக்கும் ஒரே அளவு, எனவே முன்னும் பின்னும் மாற்றிப் போட்டு நான்கையும் சமமாகத் தேய வைக்கலாம். 2012-ல் வந்த முதல் டொயோட்டா 86-ல் 17 அங்குல வீலுக்கு 215 மில்லிமீட்டர் அகல டயர்தான், நான்குக்கும் அதேதான். இன்றைக்கும் அது வாங்கவும் மாற்றவும் எளிதான அளவு. இப்போதைய 911 கரேராவில் முன்னால் 235, பின்னால் 295, வீல் விட்டமும் வேறு வேறு. அங்கே மாற்றிப் போட வழியே இல்லை, பின் ஜோடியைத் தனியாக, அடிக்கடி வாங்கித்தான் ஆக வேண்டும். தினசரி வண்டிக்கு இந்த வித்தியாசம் வருஷா வருஷம் கையைக் கடிக்கும்.

தேய்மானத்தின் சட்ட எல்லை பல நாடுகளில் 1.6 மில்லிமீட்டர். மழையில் ஓட்டுகிற ரியர் வீல் டிரைவ் காருக்கு அதுவரை காத்திருக்காதீர்கள், 3 மில்லிமீட்டருக்கு வந்ததுமே பின் ஜோடியை மாற்றிவிடுங்கள். அகலமான டயரும் லேசான வண்டியும் சேர்ந்தால் தேங்கிய தண்ணீரின் மேல் சீக்கிரமே மிதக்க ஆரம்பிக்கும், அந்தத் தண்ணீரை வெளியே தள்ளுவது பள்ளங்களின் ஆழம்தான். ஆழத்தை அளக்கும்போது டயரின் உள் ஓரத்தையும் பாருங்கள். ஸ்போர்ட்ஸ் காரில் சக்கரத்தின் மேல்பக்கம் கொஞ்சம் உள்ளே சாய்ந்திருக்கும்படி கேம்பர் வைத்திருப்பார்கள், அதோடு டோ அளவும் (மேலிருந்து பார்த்தால் சக்கரம் உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கிற கோணம்) தப்பாக இருந்தால், வெளியே பார்க்கப் புதிது போல இருக்கிற டயர் உள்ளே கம்பி தெரிகிற அளவுக்குத் தேய்ந்திருக்கும். நின்றபடி குனிந்து பார்த்தால் தெரியாது, லிஃப்டில் ஏற்றிப் பார்க்க வேண்டும். அலைன்மென்ட் செய்யும்போது நான்கு சக்கரத்துக்கும் செய்யச் சொல்லுங்கள், முன்பக்கம் மட்டும் பார்த்து அனுப்பிவிடுகிற இடத்துக்கு இந்த மாதிரி வண்டியைக் கொண்டுபோக வேண்டாம்.

காற்றழுத்தத்தை டயர் ஆறியிருக்கும்போது பாருங்கள். வெப்பநிலை ஐந்தாறு டிகிரி செல்சியஸ் இறங்கினால் ஒரு பிஎஸ்ஐ அளவுக்குக் குறையும். அப்புறம் டயரின் வயது: பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும், 2423 என்றால் 2023-ம் வருஷம் 24-வது வாரம் செய்தது. பள்ளம் எவ்வளவு மிச்சம் இருந்தாலும் ஆறு வருஷம் தாண்டிய டயரை ஸ்போர்ட்ஸ் காரில் நான் வைத்துக்கொள்ள மாட்டேன், ரப்பர் இறுகிப்போனால் ஈரப் பிடிப்புதான் முதலில் போகும்.

கேள்வி: பனி விழுகிற இடத்துக்கு மாறப் போகிறேன். டிக்கியில் மணல் மூட்டை வைத்தால் போதுமா?

பதில்: மூட்டை வேண்டாம். பின்னால் எடையே இல்லாத பிக்கப் வண்டிக்கு அது உதவும். எடை முன்னும் பின்னும் கிட்டத்தட்டப் பாதிப் பாதியாக இருக்கிற ஸ்போர்ட்ஸ் காரில் அது அந்தச் சமநிலையைக் கெடுக்கும், கட்டாமல் வைத்தால் விபத்தில் பறந்தும் வரும். குளிர்காலத்துக்கு என்று தனியாக நான்கு வின்டர் டயர், முடிந்தால் தனி வீலோடு வாங்கிக்கொள்ளுங்கள். கோடைக்கால ஸ்போர்ட்ஸ் டயரின் ரப்பர் சுமார் 7 டிகிரிக்குக் கீழே இறுக ஆரம்பித்துவிடும், பனியே இல்லாத காய்ந்த ரோட்டில்கூடப் பிடிக்காது. நல்ல வின்டர் டயர் போட்ட ரியர் வீல் டிரைவ் கார், கோடை டயர் போட்ட ஃபோர் வீல் டிரைவை விட நன்றாகவே நிற்கும். ஏற்றத்தில் புறப்படுவது மட்டும் கஷ்டமாகத்தான் இருக்கும், எடையில் பெரும்பங்கு இயங்குகிற சக்கரத்தின் மேலேயே உட்கார்ந்திருக்கிற ஃபிரன்ட் வீல் டிரைவுக்கு அங்கே அனுகூலம்.

கேள்வி: தினமும் டிராஃபிக்கில் ஊர்ந்து போகிறேன். மேனுவல் எடுக்கலாமா, ஆட்டோமேட்டிக்கா?

பதில்: உங்கள் இடது முழங்கால் என்ன சொல்கிறதோ அதைக் கேளுங்கள். எம்எக்ஸ்-5, ஜிஆர்86 இரண்டிலும் கிளட்ச் லேசுதான், யார் வேண்டுமானாலும் தினமும் ஓட்டலாம். சக்தி கூடக் கூட கிளட்ச் கனக்கும், ஒரு மணி நேரம் மெதுவாக நகர்கிற வரிசையில் அது நன்றாகவே தெரியும். டெஸ்ட் டிரைவைக் காலியான ரோட்டில் முடித்துவிடாமல், நீங்கள் ஆபீஸ் போகிற அதே நேரத்தில், அதே நெரிசலில் எடுங்கள். வண்டி ஊர்ந்துகொண்டிருக்கும்போது பாதிக் கிளட்சிலேயே வைத்திருக்காதீர்கள், முன்னால் இடைவெளி விட்டு, விட்டதும் ஒரு தடவை நகர்ந்து நில்லுங்கள். ஆட்டோமேட்டிக் எடுத்தால் வண்டியின் குணம் போய்விடும் என்பதை நான் ஒப்புக்கொள்வதில்லை, பின்சக்கரம் தள்ளுகிற அந்த உணர்வு அதிலும் அப்படியே இருக்கும்.

கேள்வி: பம்பர் அடிக்கடி உரசுகிறது. ஆனாலும் இன்னும் கொஞ்சம் இறக்கினால் பார்க்க நன்றாக இருக்குமே என்று தோன்றுகிறது.

பதில்: இறக்காதீர்கள். ஜிஆர்86 போன்ற கார் கம்பெனியிலிருந்து வரும்போதே தரைக்கும் வண்டிக்கும் சுமார் 130 மில்லிமீட்டர்தான். அதில் 30-ஐக் குறைத்தால் பார்க்கிங் இறக்கம், ஸ்பீடு பிரேக்கர், நடைபாதை விளிம்பு ஒவ்வொன்றுக்கும் முன்னால் வண்டியை நிறுத்தி யோசிக்க வேண்டி வரும். ஸ்பிரிங்கை மட்டும் வெட்டியோ மாற்றியோ இறக்கினால் ஷாக் அப்ஸார்பர் மேலும் கீழும் நகர இடம் போதாமல் குழியில் அடிவாங்கும், அலைன்மென்ட்டும் மாறும், அப்புறம் டயர் உள்பக்கம் தேய்கிறது என்று இன்னொரு கடிதம் எழுதுவீர்கள். இருக்கிற உயரத்திலேயே, பின்னால் வண்டி வரவில்லை என்று பார்த்துக்கொண்டு ஸ்பீடு பிரேக்கரில் கொஞ்சம் சாய்வாக ஏறுங்கள், ஒவ்வொரு சக்கரமாக ஏறி இறங்கும்போது நடுவயிறு தப்பிக்கும். பார்க்கிங்கில் முன்பக்கமாக நுழையும்போது சக்கரம் தடுப்பைத் தொடும்வரை போகாதீர்கள், பம்பரின் கீழ் உதடு அதற்கு முன்பே தொட்டுவிடும். இந்த வண்டிகளின் கதவு நீளமானது, இரண்டு தூணுக்கு நடுவில் நிறுத்தினால் இறங்க முடியாது என்பதையும் சேர்த்துப் பார்த்து இடம் பிடியுங்கள்.

கேள்வி: வீட்டிலிருந்து ஆபீஸ் ரொம்பப் பக்கம். எஞ்சினுக்கு நல்லதுதானே?

பதில்: இல்லை, தூரம் போகிற வண்டியின் எஞ்சின்தான் சுகமாக இருக்கும். டேஷ்போர்டில் தெரிகிற தண்ணீர் சூடு சீக்கிரம் நடுவுக்கு வந்துவிடும், எண்ணெய் சூடாக அதைவிட நேரம் பிடிக்கும். எண்ணெய் முழுச் சூட்டுக்கு வராமலே தினமும் நிறுத்தினால், உள்ளே சேர்கிற ஈரமும் எரியாத பெட்ரோலும் ஆவியாகிப் போக வழி இல்லாமல் எண்ணெயிலேயே தங்கும். வாரம் ஒரு தடவையாவது அரை மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து ஓட்டுங்கள். இந்த மாதிரி வண்டி வைத்திருப்பவருக்கு அது கஷ்டமான வேலையாக இருக்காது! கிலோமீட்டர் கணக்கைப் பார்க்காமல், புத்தகத்தில் கடினமான பயன்பாடு என்று குறித்திருக்கிற கால அளவில் எண்ணெய் மாற்றுங்கள். எண்ணெய் சூடாகும்வரை சுற்றை நடு அளவுக்கு மேல் ஏற்ற வேண்டாம். அதே மெக்கானிக்கிடம், எஞ்சின் சக்தியைப் பின் சக்கரங்கள் இரண்டுக்கும் பிரித்துத் தருகிற பின் டிஃபரென்ஷியலின் எண்ணெயையும் கேளுங்கள், ஃபிரன்ட் வீல் டிரைவ் பழகியவர்கள் அப்படி ஒன்று தனியாக இருப்பதையே மறந்துவிடுகிறார்கள்.

கேள்வி: லிமிடெட் ஸ்லிப் டிஃபரென்ஷியல் இருந்தால் மழையில் பாதுகாப்பா?

பதில்: பிடிப்பு கூடும், பாதுகாப்பு கூடும் என்று சொல்ல மாட்டேன். ஒரு பின் சக்கரம் மட்டும் தனியாகச் சுற்றுவதைக் கட்டுப்படுத்துகிற டிஃபரென்ஷியல் அது. அது இல்லாத வண்டியில் ஒரு பின் சக்கரம்தான் வீணாகச் சுற்றும், மற்றது வண்டியைப் பிடித்துக்கொண்டிருக்கும். அது இருந்தால் இரண்டும் சேர்ந்தே தள்ளும், எல்லை தாண்டினால் இரண்டும் சேர்ந்தே வழுக்கும். வளைவுகளில் ஓட்ட அது அருமையான சாதனம், வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் மழைக்கு வாங்கிய காப்பீடாக நினைக்காதீர்கள்.

கேள்வி: கைக்குழந்தை இருக்கிறது. இரண்டு சீட் கார் சரிப்படுமா?

பதில்: ஒரே வண்டி என்றால் சரிப்படாது. பின்பக்கம் பார்த்தபடி வைக்கிற குழந்தை சீட்டை, ஏர்பேக் வேலை செய்கிற முன் சீட்டில் ஒருபோதும் வைக்கக் கூடாது. அந்த ஏர்பேக்கை அணைக்க உங்கள் மாடலில் வசதி இருந்தாலும், நீங்கள் மூன்று பேரும் சேர்ந்து போக இடமில்லையே. பின் சீட் உள்ள கூப்பே (இரண்டு கதவு கார்) என்றால் குழந்தை சீட்டைக் கடைக்குக் கொண்டுபோய் மாட்டிப் பாருங்கள், மாட்டிய பிறகு முன் சீட்டில் பெரியவர் ஒருவர் கால் மடக்காமல் உட்கார முடிகிறதா என்பதுதான் பரீட்சை. எம்எக்ஸ்-5-ன் டிக்கி சுமார் 130 லிட்டர், மடக்கிய ஸ்ட்ரோலர் ஒன்றை வைத்தாலே அதற்கு மேல் பெரிதாக எதுவும் நுழையாது. ரியர் வீல் டிரைவ்தான் ஆசை என்றால் அதே அமைப்பில் நான்கு கதவு செடான்கள் இருக்கின்றன, இந்த சில வருஷங்களுக்கு அதுதான் உங்களுக்கு.

கேள்வி: பட்ஜெட் ஒன்றுதான். புது, லேசான, சக்தி குறைந்த கார் ஒன்று. பழைய, பெரிய எஞ்சின் கார் இன்னொன்று. தினசரிக்கு எது?

பதில்: லேசானது. எனக்கு இதில் இரண்டாவது யோசனையே கிடையாது. 1989-ல் வந்ததிலிருந்து எம்எக்ஸ்-5 நிரூபித்துக்கொண்டே இருப்பது இதைத்தான். இன்றைய மாடலும் ஆயிரத்துச் சொச்சம் கிலோதான். டயர் சின்னது, பிரேக் சின்னது, பெட்ரோல் குறைவு, எல்லாவற்றுக்கும் மேலாக, ரோட்டில் போகிற சாதாரண வேகத்திலேயே வண்டி உயிரோடு இருக்கும். நானூறு குதிரைசக்தி காரில் இரண்டாவது கியர் முடிவதற்குள் பல இடங்களில் சட்ட வேகம் தாண்டிவிடும், மிச்ச நேரமெல்லாம் அதை அடக்கிப் பிடித்துக்கொண்டு போவதுதான். மழையில் ஆக்ஸிலேட்டரில் காலைத் தவறாக வைத்தாலும் லேசான வண்டி மன்னிக்கிற அளவு வேறு.

கேள்வி: பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றைப் பார்க்கப் போகிறேன். என்ன கவனிக்க வேண்டும்?

பதில்: முதலில் டயர்களைப் பாருங்கள். நான்கும் ஒரே ரகமா, பின் ஜோடி மட்டும் மலிவானதா, உள் ஓரம் எப்படி இருக்கிறது என்று பார்த்தாலே முந்தைய சொந்தக்காரர் வண்டியை எப்படி வைத்திருந்தார் என்பது பாதி தெரிந்துவிடும். பின் சக்கர வளைவுகளின் உள்ளே ரப்பர் துணுக்குகள் அப்பிக்கிடந்தால் வண்டியை வழுக்கவிட்டு விளையாடியிருக்க வாய்ப்பு அதிகம், அப்படியானால் கிளட்சையும் டிஃபரென்ஷியலையும் சந்தேகத்தோடு பாருங்கள். நடு வேகத்தில் போகும்போது காலை எடுத்தும் வைத்தும் பாருங்கள். பின்னாலிருந்து ஊளைச் சத்தம் வந்தாலோ ஒவ்வொரு தடவையும் டக்கென்று தட்டினாலோ டிஃபரென்ஷியல் அல்லது டிரைவ் ஷாஃப்ட் பக்கம் வேலை இருக்கிறது. உயர்ந்த கியரில், குறைந்த சுற்றில் முழுசாக அழுத்துங்கள், வேகம் ஏறாமல் சுற்று மட்டும் ஏறினால் கிளட்ச் முடிந்துவிட்டது. சாவி போட்டதும் ஸ்டெபிலிட்டி கன்ட்ரோல் விளக்கு எரிந்து, அப்புறம் அணைய வேண்டும். எரியவே இல்லை என்றால் பல்பையே கழற்றி வைத்திருக்கலாம். லிஃப்டில் ஏற்றி அடிப்பக்கம் பார்க்க விற்பவர் சம்மதிக்கவில்லை என்றால், விலை எவ்வளவு நன்றாக இருந்தாலும் அந்த வண்டியை விட்டுவிட்டு அடுத்ததைப் பாருங்கள்.